வேலை தரும் நிறுவனமாக இந்துஸ்தான் யூனிலீவர்: போட்டி நிறுவனங்களுடன் ஓர் ஒப்பீடு

இந்தியாவில் சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு, தேயிலை முதலான அன்றாடப் பண்டங்களை விற்கும் நிறுவனங்களில் மிகப் பெரியது இந்துஸ்தான் யூனிலீவர். 2021-22 நிதியாண்டில் அதன் விற்பனை 50,000 கோடி ரூபாயைக் கடந்தது. ஆனால் மேலாண்மைக் கல்லூரிகளில் அதற்கு இருக்கும் மதிப்பு விற்பனைக் கணக்கால் வந்ததல்ல. அங்கே சேர்ந்தால் ஆளாகிவிடலாம் என்ற நம்பிக்கையால் வந்தது. ஐ.டி.சி., நெஸ்லே இந்தியா, சுருக்கமாகப் பி அண்ட் ஜி எனப்படும் பிராக்டர் அண்ட் கேம்பிள், கோத்ரெஜ், டாபர், மாரிக்கோ ஆகியவை கடை அலமாரியில் மட்டுமல்லாமல் ஆள் எடுப்பதிலும் அதனுடன் போட்டியிடுகின்றன. இவற்றுள் எது நல்ல முதலாளி என்பதை ஆண்டுதோறும் பத்திரிகைகளும் ஆலோசனை நிறுவனங்களும் வரிசைப்படுத்துகின்றன.

அந்த வரிசைகள் பெரும்பாலும் ஒரு பிரிவினரை மட்டும் கேட்டுத் தயாரிக்கப்படுபவை. லக்ஸ் சோப்பு ஒன்று மதுரையில் ஒரு மளிகைக்கடைக்கு வந்து சேரும்வரை அதற்காக உழைப்போர் பல வகையினர். விளம்பரமும் விலையும் தீர்மானிக்கும் மேலாளர், ஆலையின் நிரந்தரத் தொழிலாளி, அதே ஆலையிலோ வேறொருவர் ஆலையிலோ வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி, ஏஜென்சியிலிருந்து கடைகடையாக ஆர்டர் எடுக்கும் லைன் சேல்ஸ்மேன், சிற்றூரில் வீடுவீடாக விற்கும் பெண் என்று அந்த வரிசை நீள்கிறது. முதல் இருவர் மட்டுமே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். இவர்களை உள்ளிருந்து வெளியே விரியும் வட்டங்களாகப் பார்த்தால், நிறுவனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மேலாளர் வட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. வெளியே செல்லச் செல்ல அது மங்கி, கடைசி வட்டத்தில் யாருடைய சரக்கு என்பதைத் தவிர வேறெந்த வித்தியாசமும் இல்லாமல் போகிறது. இந்த ஒப்பீட்டில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது இதுதான்.

பரம்பரைச் சொத்து

இந்துஸ்தான் யூனிலீவரின் தாய் நிறுவனமான யூனிலீவருக்கும் பி அண்ட் ஜிக்கும் தொழிலாளர் நலன் பற்றிய பெருமை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீவர் 1888ல் போர்ட் சன்லைட் என்ற ஊரையே தன் சோப்பு ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கினார். தோட்டத்தோடு வீடு, பள்ளி, கலைக்கூடம் எல்லாம் அங்கே வந்தன. 1909ல் தொழிலாளர்களுக்கு இலாபப் பங்கு தரும் திட்டமும் வந்தது. அதே லீவர் 1911ல் பெல்ஜிய காங்கோவில் பனை எண்ணெய்க்காகப் பெரும் நிலப்பரப்பைப் பெற்றார். அங்கே பனங்குலை வெட்டியவர்கள் காலனி நிர்வாகத்தின் கட்டாய உழைப்புக்கு ஆளானார்கள். போர்ட் சன்லைட்டின் வீடுகளையும் காங்கோவின் கட்டாய வேலையையும் சேர்த்துப் பார்க்காமல் லீவரை முதலாளியாக மதிப்பிடுவது அரைகுறை மதிப்பீடு.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் வில்லியம் கூப்பர் பிராக்டர், வேலைநிறுத்தங்கள் அடிக்கடி நடந்த காலத்தில் 1885ல் சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் 1887ல் இலாபப் பகிர்வும் கொண்டுவந்தார். 1923ல் அந்நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு ஆண்டில் 48 வாரம் வேலை உறுதி அளித்தது. அதற்கு முன் மொத்த வணிகர்கள் விலை பார்த்து விட்டுவிட்டு வாங்கியதால் ஆலை ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. சில்லறைக் கடைகளுக்கு நேரே விற்கத் தொடங்கியதும் உற்பத்தி சீரானது, வேலை உறுதியும் கைகூடியது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், வியாபார முறையையே மாற்றித் தொழிலாளியின் வேலையை நிலைப்படுத்திய அரிய முயற்சி இது.

இந்தியாவில் லீவரின் சன்லைட் சோப்பு 1888ல் கல்கத்தாவில் இறங்கியது. 1930களில் மும்பை சேவ்ரியிலும் கல்கத்தா கார்டன் ரீச்சிலும் ஆலைகள் எழுந்தன. 1956ல் யூனிலீவரின் மூன்று இந்திய நிறுவனங்கள் இணைந்து இந்துஸ்தான் லீவர் ஆகி, பங்குகளில் 10 சதவீதம் இந்தியப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 2007ல் இன்றைய பெயர் வந்தது. 1937ல் வேலைக்குச் சேர்ந்த பிரகாஷ் டாண்டன் 1961ல் அதன் முதல் இந்தியத் தலைவரானார். வெளிநாட்டுப் பெருநிறுவனம் ஒன்றின் தலைமையில் இந்தியர் அமர்வது அப்போது புதுமை. இம்பீரியல் டொபாக்கோவாக இருந்த ஐ.டி.சி.யில் அஜித் ஹக்சர் தலைவரானது 1969ல். நெஸ்லே இந்தியாவின் உச்சிப் பொறுப்பிலோ இதற்கு வெகுகாலம் பின்னரும் வெளிநாட்டவர்கள் தொடர்ந்தார்கள்.

மேலாளர் வட்டம்

இந்துஸ்தான் யூனிலீவரின் புகழ் முழுவதும் அதன் மேலாண்மைப் பயிற்சியாளர் முறையில் இருக்கிறது. கல்லூரியிலிருந்து நேராக எடுக்கப்பட்ட இளைஞர் ஓராண்டுக்கு மேல் பல பிரிவுகளில் சுழல்வார்; ஏஜென்சிகளோடு ஊர் சுற்றுவார், ஆலையில் ஷிப்ட் பார்ப்பார். உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா மாவட்டத்தில் நிறுவனம் ஒரு பால் பண்ணை ஆலையை நடத்திவந்தது. பால் வரத்து போதாமல் அது நட்டப்பட்டபோது, 1976ல் சுற்றியுள்ள கிராமங்களில் கால்நடை, விவசாயம், கடன் வசதி ஆகியவற்றை மேம்படுத்தும் திட்டம் தொடங்கியது. பின்னர் எல்லாப் பயிற்சியாளரும் அந்தக் கிராமங்களில் சில வாரம் தங்க வேண்டும் என்பது விதியானது. நகரத்தில் வளர்ந்த பட்டதாரி ஒரு விவசாயியின் வீட்டில் தங்கி, அந்த வீட்டில் சோப்புக்கு எத்தனை காசு செலவாகிறது என்று பார்த்தது வேறெந்தப் போட்டி நிறுவனமும் அந்த அளவில் தராத படிப்பு.

இப்படி உருவானவர்கள் வெளியே சென்று பிற நிறுவனங்களை நடத்துவதால் 'தலைவர்களின் தொழிற்சாலை' என்ற பெயர் நிலைத்தது. இந்நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் இருந்த சுதீர் சீதாபதி 2021ல் கோத்ரெஜ் கன்ஸ்யூமர் புராடக்ட்ஸின் தலைமைக்குச் சென்றார். நெஸ்லே இந்தியா 2025ல் தலைமைக்கு அழைத்துவந்த மணீஷ் திவாரி, அமேசானுக்கு முன் நீண்ட காலம் யூனிலீவரில் இருந்தவர். போட்டி நிறுவனங்கள் தங்கள் தலைமைக்கு ஆள் தேடும்போது எங்கே பார்க்கின்றன என்பது ஒரு முதலாளியைப் பற்றிய நம்பகமான சான்று. கருத்துக்கணிப்பில் வரும் பாராட்டைவிட அதற்கு எடை அதிகம்.

பி அண்ட் ஜியின் வழி வேறு. அது பெரும்பாலும் அடிமட்டத்திலேயே ஆள் எடுத்து உள்ளிருந்தே உயர்த்துகிறது. வெளியிலிருந்து நடுவில் வந்து சேர்பவர் குறைவு. ஒரு பிராண்டுக்கு ஒருவர் முழுப் பொறுப்பு என்ற முறையை 1931ல் நீல் மெக்எல்ராய் எழுதிய ஒரு குறிப்பு அங்கே தொடங்கிவைத்தது. இன்று உலகமெங்கும் பெரும்பாலான நுகர்பொருள் நிறுவனங்கள் அதைப் பின்பற்றுகின்றன. இந்தியக் கிளையில் 1989ல் சேர்ந்த ஷைலேஷ் ஜெஜூரிகர் 2026 ஜனவரி முதல் உலக நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர். யூனிலீவரோ 2009ல் முதன்முறையாக வெளியாள் ஒருவரை உலகத் தலைமைக்குக் கொண்டுவந்தது. அந்த பால் போல்மன் பி அண்ட் ஜியில் 27 ஆண்டுகள் வளர்ந்து, பின் நெஸ்லேயில் நிதிப் பொறுப்பு வகித்தவர். பொறுமையாக இருந்தால் மேலே செல்லலாம் என்ற உறுதி பி அண்ட் ஜியில் கூடுதல். இளம் வயதிலேயே பரந்த பொறுப்பும் ஊர்ப்புற அனுபவமும் இந்துஸ்தான் யூனிலீவரில் கூடுதல்.

ஐ.டி.சி. தனி வகை. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ அதன் பெரிய பங்குதாரர். ஆனாலும் நிர்வாகம் கல்கத்தாவிலேயே முடிவெடுக்கிறது. 1968ல் சேர்ந்த யோகேஷ் சந்தர் தேவேஷ்வர் 1996ல் தலைவராகி இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். சிகரெட் தரும் பெரும் இலாபம் மேலாளர்களுக்கு நல்ல ஊதியமும் பங்குரிமையும் தர வழிசெய்தது. லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றலாகும் வாய்ப்பு குறைவு. ஆனால் உச்சி வரை உள்ள படிகள் எல்லாம் இந்தியாவிலேயே இருக்கின்றன. சிகரெட் விற்கும் நிறுவனத்தில் வேலை செய்யலாமா என்ற மனசாட்சிக் கேள்வியையும் அங்கே சேர்பவர் எதிர்கொள்ள வேண்டும். அதை ஊதியத்தால் ஈடுகட்ட முடியாது என்று கருதுவோரும் உண்டு.

குடும்ப நிறுவனங்களில் பழைய தயக்கம், மேல் நாற்காலி குடும்பத்துக்கே போகும் என்பதுதான். டாபரின் பர்மன் குடும்பம் 1998ல் அன்றாட நிர்வாகத்தைத் தொழில்முறை மேலாளர்களிடம் ஒப்படைத்தது. மாரிக்கோவில் நிறுவனர் ஹர்ஷ் மரிவாலா 2014ல் நிர்வாக இயக்குநர் பொறுப்பைச் சவுகதா குப்தாவிடம் கொடுத்தார். இந்த முடிவுகளுக்குப் பின் இவ்விரு நிறுவனங்களும் ஆள் எடுப்பதில் பன்னாட்டு நிறுவனங்களோடு நேருக்கு நேர் நிற்க முடிந்தது.

பெண்களைப் பொறுத்தவரை மாற்றம் மெதுவாகவே வந்தது. 1992ல் இந்துஸ்தான் லீவரில் பயிற்சியாளராகச் சேர்ந்த லீனா நாயர் கல்கத்தா, அம்பத்தூர், தலோஜா ஆலைகளில் பணியாற்றினார். ஆலை நிர்வாகத்தில் பெண் என்பதே அன்று வியப்பு. 2016ல் அவர் யூனிலீவரின் உலக மனிதவளத் தலைவரானார். பின்னர் ஷனேல் நிறுவனத்தின் தலைமைக்குச் சென்றார். 2025 ஆகஸ்டில் பிரியா நாயர் இந்துஸ்தான் யூனிலீவரின் முதல் பெண் நிர்வாக இயக்குநரானார். 2017ன் சட்டத்திருத்தம் பேறுகால விடுப்பை 12லிருந்து 26 வாரமாக்கியதால் அதில் நிறுவனங்களுக்கிடையே வித்தியாசம் குறைந்துவிட்டது. தந்தையருக்குத் தனியார் துறையில் சட்டப்படி விடுப்பு இல்லை. அங்கேதான் போட்டி தெரிகிறது. பி அண்ட் ஜி இந்தியா 2021ல் எல்லாப் புதுப் பெற்றோருக்கும் முழுச் சம்பளத்தோடு 8 வாரம் அறிவித்தது. யூனிலீவரின் விதி 3 வாரம். இந்த ஒன்றில் பி அண்ட் ஜி தெளிவாக முந்தி நிற்கிறது.

ஆலைத் தளம்

மேலாளர் கதை வளர்ச்சிக் கதையாக இருக்க, ஆலைத் தொழிலாளியின் கதை சுருங்கும் கதையாக இருக்கிறது. சேவ்ரி ஆலை ஒரு காலத்தில் மும்பையில் நல்ல சம்பளம் தந்த ஆலைகளில் ஒன்று. வெளிக் கட்சித் தலைவர்களைச் சாராத, தொழிலாளர்களே நடத்திய சங்கம் அங்கே வலுவாக இருந்தது. விலைவாசியோடு ஏறும் பஞ்சப்படி, கேன்டீன், மருத்துவம், பணிமூப்பு எல்லாம் பேரம் பேசிப் பெற்றவை. முதலாளி தாராளமாக இருந்தார் என்பதைவிட, சங்கம் கேட்டு வாங்கியது என்பதே சரி.

இந்த ஏற்பாட்டை உடைத்தது ஒரு போட்டியாளர். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969ல் தொடங்கிய நிர்மா, கையால் கலக்கப்பட்ட மஞ்சள் சலவைத்தூள். இயந்திர சக்தி இல்லாமல் தயாரிப்பதற்குக் கலால் வரிச் சலுகை இருந்தது. கூலி குறைந்த ஒப்பந்த ஆள்களே அதன் பலம். இந்துஸ்தான் லீவரின் சர்ஃப் தூளின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அது கிடைத்தது. 1980களின் நடுவில் விற்பனை அளவில் நிர்மா சர்ஃபை முந்திவிட்டது. அதற்கு இந்துஸ்தான் லீவர் தந்த பதில் 1987ல் வந்த வீல். அதே நிறுவனம், அதே தரக்கட்டுப்பாடு; ஆனால் தயாரிப்பதற்குப் புறநிறுவனங்களின் சிறு ஆலைகள். சேவ்ரியின் சம்பளத்தைத் தொடாமலே சேவ்ரியைத் தேவையற்றதாக்கும் வழி அப்போது கிடைத்தது. வேலை தருவோர் என்ற முறையில் நல்ல பெயர் இல்லாத ஒரு போட்டியாளர், நல்ல பெயர் உள்ளவரையும் தன் வழிக்கு இழுத்த கதை இது. நிறுவனங்களைத் தனித்தனியே நிறுத்தி ஒப்பிடும் எந்தப் பட்டியலும் இதைக் காட்டாது: ஒரு துறையில் மிகக் குறைந்த கூலி கொடுப்பவர் மற்றவர்களின் கூலியையும் நிர்ணயிக்கிறார்.

1988ல் சேவ்ரியில் தொடங்கிய கதவடைப்பு ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. 1993ல் டாடா ஆயில் மில்ஸை இந்துஸ்தான் லீவர் இணைத்துக்கொள்ள முற்பட்டபோது சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1994ல் நீதிமன்றம் இணைப்பை அனுமதித்தது. அடுத்த பத்தாண்டில் விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. 2000களின் நடுவில் சேவ்ரி மூடப்பட்டது. அசாமின் டூம் டூமா ஆலையில் 2007ல் கதவடைப்பு நடந்தபோது, எந்தச் சங்கத்தில் இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் உரிமையே பறிக்கப்படுகிறது என்று சர்வதேச உணவுத் தொழிலாளர் சம்மேளனம் பிரிட்டிஷ் அரசின் குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் கொண்டுசென்றது. உடன்பாடு 2010ல்தான் ஏற்பட்டது.

ஆலைகளின் இடப்பெயர்ச்சிக்கு அரசின் கொள்கையும் பெரிய காரணம். 2003ல் மத்திய அரசு உத்தராகண்டுக்கும் இமாசலப் பிரதேசத்துக்கும் பத்தாண்டு கலால் விலக்கு தந்தது. ஹரித்வார், பந்த்நகர், பத்தி ஆகிய ஊர்களில் இந்துஸ்தான் யூனிலீவர், ஐ.டி.சி., டாபர், நெஸ்லே, பி அண்ட் ஜி என எல்லோரும் ஆலை வைத்தார்கள். அருகருகே மதில் சுவர்கள், ஒரே வட்டாரத்து இளைஞர்கள், பழைய சங்க மரபு ஏதும் இல்லாத மண். மும்பையிலோ, மோகாவில் 1961 முதல் நெஸ்லே நடத்திவரும் பழைய ஆலையிலோ காணப்பட்ட நிறுவனத் தனித்தன்மை அங்கே கரைந்துபோனது. பி அண்ட் ஜி மட்டும் 1960களில் ஓஹையோவின் லைமா ஆலையில் வளர்த்த முறையை, அதாவது தொழிலாளியை டெக்னீஷியன் என்று அழைத்து, பராமரிப்பு, தரம், திட்டமிடல் எல்லாவற்றையும் குழுவிடமே ஒப்படைக்கும் முறையை, பல நாடுகளுக்கும் கொண்டுசென்றது. அதில் தொழிலாளிக்குத் திறனும் கௌரவமும் கூடுகின்றன; சங்கத்துக்கு இடமும் குறைகிறது.

தமிழகத்தில் இந்துஸ்தான் யூனிலீவரின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பது கொடைக்கானல். சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானி ஆலையை 1983ல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. யூனிலீவர் பாண்ட்ஸை வாங்கியதும் ஆலை அதன் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளிவந்து, மக்கள் எதிர்ப்பில் ஆலை மூடப்பட்டது. 2003ல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சிறுநீரகம், நரம்பு தொடர்பான நோய்களைச் சொல்லி நீதிமன்றம் சென்றார்கள். வேலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் வாதமாக இருந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லப்பட்ட உடன்பாடு 2016 மார்ச்சில்தான் கையெழுத்தானது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. சோப்பும் பற்பசையும் தயாரிக்கும் எந்தப் போட்டி நிறுவனத்தின் இந்திய வரலாற்றிலும் இதற்கு நிகரான ஒரு தொழில்நலப் பிணக்கு இல்லை. சிறந்த முதலாளி விருதுகளை எடைபோடும்போது இந்தப் பதினைந்து ஆண்டுகளையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் நிழலில்

ஆலைத் தொழிலாளரில் ஒப்பந்த வழி வந்தவர் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்கணக்கெடுப்பின்படி இன்று அது 40 சதவீதத்துக்கு மேல். நுகர்பொருள் துறையும் விலக்கல்ல. 1970ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதை ஒழுங்குபடுத்த வந்தது. அதே வேலைக்கு அதே கூலி என்பது அதன் விதிகளில் இருந்தது. அதனால்தான் பல ஆலைகளில் இயந்திரத்தில் நிற்பவர் நிரந்தரம், பெட்டி அடுக்குபவர் கான்ட்ராக்ட் என்று வேலையே பிரித்துப் பெயரிடப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாக மாட்டார்கள் என்று ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001ல் தீர்ப்பளித்த பின் இந்த வட்டம் வேகமாகப் பெருகியது.

நெருக்கடி வரும்போது நிரந்தரத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையிலான கோடு பளிச்சென்று தெரிகிறது. 2015 ஜூனில் நெஸ்லேயின் மேகி நூடுல்ஸ் தடைசெய்யப்பட்டு, பல ஆயிரம் டன் சரக்கு அழிக்கப்பட்டது. ஆகஸ்டில் நெஸ்லே இந்தியாவின் தலைமைப் பொறுப்பேற்ற சுரேஷ் நாராயணன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று உறுதியாக நின்றார். அந்த உறுதி இன்றும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாகச் சொல்லப்படுகிறது, பாராட்டத்தக்கதும்கூட. ஆனால் மேகி ஓடிய ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அவர்கள் நெஸ்லேயின் ஊழியர்கள் அல்லர் என்பதால் அந்த உறுதிமொழி பொய்யாகவில்லை. நவம்பரில் மேகி திரும்பி வரும் வரை அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது எப்படி என்பது எந்த நிறுவனத்தின் கணக்கிலும் வராத செய்தி.

யூனிலீவர் 2021ல், தனக்கு நேரடியாகப் பொருளும் சேவையும் தருவோரின் ஊழியர் அனைவரும் 2030க்குள் வாழ்வதற்குப் போதுமான ஊதியம் பெற வேண்டும் என்று அறிவித்தது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியைத் தாண்டிய இலக்கு அது; பெரும் போட்டி நிறுவனங்களில் அப்படித் தேதியிட்டுச் சொன்னவை அரிது. 2024ல் இலக்கு தளர்த்தப்பட்டு, கொள்முதலில் பாதி அளவுக்கான நிறுவனங்கள் 2026க்குள் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று மாறியது. முன்னே சென்றவர் பின்வாங்குவது, இலக்கே வைக்காதவருக்கு வசதியான சாக்காகிவிடுகிறது.

கடைத்தெரு

இந்துஸ்தான் யூனிலீவரின் சரக்கு சுமார் 90 லட்சம் கடைகளில் கிடைக்கிறது. அந்தக் கடைகளுக்குப் படியேறும் சேல்ஸ்மேன் கையில் நிறுவனத்தின் கைக்கருவி, சட்டையில் நிறுவனத்தின் சின்னம், நாள்முழுதும் நிறுவனம் குறித்த டார்கெட். சம்பளம் மட்டும் ஏஜென்சி நடத்தும் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து. ஐ.டி.சி., நெஸ்லே, டாபர், பிரிட்டானியா எல்லாவற்றிலும் ஏற்பாடு இதேதான். ஒரே ஏஜென்சி இரண்டு மூன்று நிறுவனங்களின் சரக்கை எடுத்திருக்கும் சிறு நகரங்களில் ஒரே ஆள் திங்கள் ஒரு கம்பெனி, செவ்வாய் ஒரு கம்பெனி என்று லைன் போவதுண்டு. வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் கிடைப்பது அந்த ஏஜென்சிக்காரரின் நேர்மையைப் பொறுத்தது.

சட்டமும் நெடுங்காலம் இவர்களைத் தொழிலாளராக ஏற்கவில்லை. மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் தொழிற்தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளர் அல்லர் என்று சாண்டோஸ் வழக்கில் 1994ல் உச்ச நீதிமன்றம் கூறியது; விற்பனை வேலை செய்வோர் எல்லோர் மீதும் அதன் நிழல் விழுந்தது. 2020ல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. முதலாளி யார் என்ற கேள்வியை அது தொடவில்லை.

கடைசி வட்டத்தில் இருப்பவர் சக்தி அம்மா. 2001ல் அப்போதைய ஆந்திராவின் நல்கொண்டா மாவட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்களைக் கொண்டு இந்துஸ்தான் லீவர் தொடங்கிய 'சக்தி' திட்டம் பல மாநிலங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தது. சரக்கை முன்பணம் கொடுத்து வாங்கி, கிராமத்தில் விற்று, இலாபம் எடுப்பது ஏற்பாடு. கையில் சொந்தப் பணம் வந்ததால் வீட்டில் மதிப்பு உயர்ந்த பெண்கள் பலர். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விற்காத சரக்கு அவர் தலையில். நோய்வாய்ப்பட்ட மாதம் வருமானம் இல்லை. அவரைத் தொழில்முனைவோர் என்று அழைக்கும் நிறுவன அறிக்கை, தொழில்முனைவோருக்குரிய விலை நிர்ணய உரிமையை அவருக்குத் தருவதில்லை.

உள்ளூர் நிறுவனங்கள்

பெருநிறுவனங்களோடு மட்டும் ஒப்பிட்டால் படம் முழுமையாகாது. சி.கே. ரங்கநாதன் 1983ல் கடலூரில் 15,000 ரூபாயோடு தொடங்கிய சிக் ஷாம்பு நிறுவனம் பின்னர் கெவின்கேர் ஆகி, ஷாம்புச் சந்தையில் இந்துஸ்தான் லீவரையே சாஷே விலையைக் குறைக்க வைத்தது. பெரிய கல்லூரிகளின் பட்டதாரி கிடைக்காத நிறுவனங்கள் சிறு நகரப் பட்டதாரிகளை எடுத்துப் பெரிய பொறுப்பைச் சீக்கிரம் தருகின்றன. தமிழ்வழி படித்தவருக்கு இது திறந்திருக்கும் கதவு. ஈரோட்டின் சக்தி மசாலா, மாற்றுத்திறனாளிகளைப் பெருமளவில் வேலைக்கு எடுத்ததற்காகத் தேசிய விருது பெற்றது. பன்னாட்டு நிறுவனங்கள் பன்மைத்தன்மை பற்றி அறிக்கை எழுதத் தொடங்குவதற்கு வெகு முன்னரே அங்கே அது நடைமுறை. பணி உயர்வுக்கான தெளிவான படிநிலை, முறையான பயிற்சி, குறைகேட்பு அமைப்பு ஆகியவற்றில் உள்ளூர் நிறுவனங்கள் பொதுவாகப் பின்தங்கியே இருக்கின்றன.

அளவுகோல்

ஒப்பிட விரும்புவோருக்குச் சட்டம் இன்று சில கருவிகளைத் தந்திருக்கிறது. 2013ன் கம்பெனிகள் சட்டப்படி ஒவ்வொரு பட்டியலிட்ட நிறுவனமும் இயக்குநர் ஊதியம் இடைநிலை ஊழியர் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். 2022-23இலிருந்து முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பொறுப்பு அறிக்கையில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரமல்லாதோர் எத்தனை, சங்கத்தில் உள்ளோர் எத்தனை சதவீதம், விபத்துகள், பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும்.

இவற்றைப் படிப்பதில் கவனம் வேண்டும். குறைந்த கூலிக்காரர்களைக் கான்ட்ராக்டரின் பட்டியலுக்குத் தள்ளிய நிறுவனத்தில் இடைநிலை ஊதியம் தானாகவே உயர்ந்து தெரியும். அவர்களைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் நிறுவனம் மோசமாகத் தெரியும். பி அண்ட் ஜியின் இந்திய வேலைகள் பட்டியலிட்ட மூன்று நிறுவனங்களிலும் பட்டியலிடாத ஒன்றிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன, ஐ.டி.சி.யின் எண்களில் காகிதமும் சிகரெட்டும் கலந்திருக்கின்றன. எனவே ஒரே நிறுவனத்தின் நிரந்தரமல்லாதோர் பங்கு ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்பதைப் பார்ப்பது, இரு நிறுவனங்களின் ஓராண்டு எண்களை ஒப்பிடுவதைவிட உண்மைக்கு நெருக்கமானது.

பாதுகாப்பானது என்று கருதப்பட்ட மேலாளர் வட்டமும் இப்போது அசைகிறது. யூனிலீவர் 2024 மார்ச்சில் உலகளவில் 7,500 வேலைகளையும், பி அண்ட் ஜி 2025 ஜூனில் ஆலை சாராத 7,000 வேலைகளையும் குறைப்பதாக அறிவித்தன. நெஸ்லே 2025 அக்டோபரில் அறிவித்த 16,000ல் 12,000 அலுவலகப் பணிகள். ஆலைத் தொழிலாளியை ஆள்குறைப்புச் செய்தால் முன்னறிவிப்பும் பணிக்காலத்துக்கேற்ற இழப்பீடும் சட்டப்படி உண்டு. இந்தியச் சட்டத்தில் மேலாளரோ 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவருக்குப் பேச ஒரு சங்கமும் இல்லை. பணிக்கொடை தவிர்த்து அவருக்குக் கிடைப்பது பணி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும், நிறுவனம் மனமுவந்து தருவதும்தான்.